போடாத ஊசிக்கு நான் எழுதிய தேதி

ஒரு மாதத்துக்கு முன்னால், ராஜபாளையத்தில் உன் மாமியார் வீட்டில், உன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராதிகா உனக்குப் போன் போட்டாள். அப்போதுதான் குழந்தையைக் குளிப்பாட்டியிருந்தாள், கை ஈரம், அதனால் போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். ஆறு வாரம் முடிகிறது, புதன்கிழமை ஊசிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உன்னிடம் சொன்னாள். நீ சொன்னாய்: "மத்ததெல்லாம் போடு. அந்த நிமோனியா ஊசி மட்டும் வேண்டாம். எங்கப்பாவுக்கு ரெண்டு தடவ போட்டாங்க. என்ன ஆச்சு? புள்ளையப் போட்டு எதுக்குச் சும்மா குத்தணும்?" ராதிகா என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பாள். நான் குழந்தையின் சட்டை நாடாவை முடிந்துகொண்டிருந்தேன். முடிந்ததை அவிழ்த்து மறுபடியும் முடிந்தேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு அந்த ஊசியைப் போடவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. நீ போனில் படமாக வைத்திருக்கிற ஊசி கார்டில் இருக்கும் இரண்டு தேதியும் நான் என் கையால் எழுதியவை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ பாதியிலேயே வைத்துவிடுவாய். நேரில் சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்ததும் நான் வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். உனக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லவும் இனி வழியில்லை. நான் சொன்ன பொய் நம் வீட்டுக்குள் நிற்கவில்லை. நம் ஊர் மடவார் வளாகத்தில் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறதோ, வன்னியம்பட்டியில் எத்தனை பேர் வாயில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தை யார் படித்தாலும் எனக்குச் சம்மதம். நீயே நாலு பேருக்கு அனுப்பு. உன் அப்பாவின் பதினாறாம் நாளில் எத்தனை பேரிடம் சொன்னாயோ அத்தனை பேருக்கும் அனுப்பு.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்கு முதல் தடவை நிமோனியா வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால், அடைமழைக் காலத்தில். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு ராஜபாளையத்தில் ஒரு மில் வாசலில் செக்யூரிட்டியாக இருந்தாரே, அந்த வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. பத்து நாள் ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நீ பெங்களூரிலிருந்து ஒரு சனிக்கிழமை வந்து ஞாயிறு கிளம்பினாய். வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். "சிகரெட்டுல நுரையீரல் பாதி போயிருச்சு. சுகரும் இருக்கு. வயசும் அறுபத்தஞ்சு தாண்டியாச்சு. இன்னொரு தடவ வந்தா தாங்காது. ஒரு மாசம் கழிச்சு வாங்க, நிமோனியா ஊசி ஒண்ணு போட்டுருவோம். அடுத்த வருஷம் இன்னொரு வகை ஒண்ணு. அத்தோட சரி." அப்பா கேட்டார், "வருசா வருசம் வந்து நிக்கணுமோ?" டாக்டர் சிரித்தார். "வருஷா வருஷம் போடுறது ஃப்ளூ ஊசி. அது வேற, இது வேற. இது உங்களுக்கு ரெண்டே ரெண்டு."

நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. உண்மையில் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த நிமோனியா ஊசி குழந்தைகளுடையது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அரசாங்கத்தில் அதை இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். ஆறு வாரத்தில் ஒன்று, பதினாலு வாரத்தில் ஒன்று, ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வயதானவர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு, சுகர்காரர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் வயதாகுமுன்பே போட வேண்டும் என்றெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஊசி என்றால் குழந்தைக்கு என்று நினைத்தே முப்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அது தெரியவந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நான் உன்னிடமும் மறைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் திரும்பி வரும்போதே உன் அப்பா ஆரம்பித்துவிட்டார். "ஏட்டி, பட்டாளத்துல எனக்குக் குத்தாத ஊசியா? காஷ்மீருக்குப் போவையில ஒண்ணு, அஸ்ஸாமுக்குப் போவையில ஒண்ணு. அம்புட்டும் உள்ளதான் கெடக்கு. இவன் என்னத்தப் புதுசாக் குத்தப் போறான்?" பட்டாளத்தில் போட்டது வேறு நோய்களுக்கு என்று நான் சொன்னேன். "ஒனக்கு வேல போயும் ஊசி ஆச போவலட்டி" என்றார். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஆனாலும் ஒரு மாதம் கழித்துக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் போனவர்கள் மத்தியானம் வரை காத்திருந்தோம். ஒரு பெண் கார்டில் அவர் பேரையும் வயதையும் எழுதிக் கையில் கொடுத்தாள். பிறகு மருந்து கொடுக்கிற இடத்தில் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அப்பா அங்கேயே கத்தினார். நாலு பேர் திரும்பிப் பார்க்க, "இனி இந்த வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு" என்று என்னிடம் விரலை நீட்டிச் சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். நான் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். நடந்ததைச் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. "ஒரு ஊசியப் போட்டுட்டு வர முடியல. நீயெல்லாம் எப்படிம்மா முப்பது வருஷம் நர்ஸா இருந்த?" என்றாய். ஆபீசில் உனக்குக் கீழே வேலை பார்க்கிறவரைக் கேட்கிற குரல் அது. பக்கத்தில் அவர் இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமல் உனக்கும் கேட்டிருக்கும். இப்போது எப்படி இருக்கிறது, சளி வெளியே வருகிறதா என்று நீ கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும் என்றாய். வேலை என்றுதான் சொன்னாய்.

அந்த வாரத்தில் அவரிடம் மூன்று தடவை பேச்செடுத்தேன். மூன்றாம் தடவை சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடியே கூப்பிட்டாய். "போட்டாச்சா?" என்றாய். ஹலோகூடச் சொல்லவில்லை. எனக்குள் என்னவோ ஒன்று அறுந்தது. "போட்டாச்சு" என்றேன். "கார்டை போட்டோ எடுத்து அனுப்பு" என்றாய். நீ என்னை நம்பவில்லை என்பது அப்போது புரிந்தது. கார்டை எடுத்து, தேதி எழுதினேன். பேட்ச் நம்பர் என்ற கட்டத்தில் எழுத்தும் எண்ணுமாக மனதில் வந்ததை எழுதினேன். கீழே ஒரு கையெழுத்தைக் கிறுக்கினேன். என் வேலைக் காலத்தில் போடாத ஊசியைப் போட்டதாக ஒரு நாளும் எழுதியதில்லை. எண்ணிக்கை சரியாக வர வேண்டும் என்று மேலதிகாரி ஒருவர் நெருக்கியபோதும், குழந்தையைக் கொண்டுவந்து காட்டுங்கள், போட்டுவிட்டு எழுதுகிறேன் என்று சொன்னவள். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளைக்குப் பயந்து பொய் எழுதினேன். அப்பா கட்டிலில் இருந்தபடி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "நல்லா எழுது. டாக்டரம்மா ஆயிட்ட" என்றார். நான் போட்டோவை அனுப்பினேன். நீ பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பினாய்.

அடுத்த வருஷம் நீ மறக்காமல் கேட்டாய். உன் போன் நினைவுபடுத்தியிருக்கும். நான் எழுதிய பொய்த் தேதியிலிருந்து ஒரு நாள்கூடப் பிசகாமல் கேட்டாய். "அதுவும் போட்டாச்சு" என்றேன். இரண்டாவது கட்டத்தையும் நிரப்பி, நீ கேட்குமுன்பே போட்டோ எடுத்து அனுப்பினேன்.

இடையில் நல்ல சந்தர்ப்பம் வராமல் இல்லை. பொங்கலுக்கு நீயும் ராதிகாவும் வந்திருந்தபோது உன் அப்பா என்ன சந்தோஷமாக இருந்தார். நீ ஒரு தடவை, "வாங்கப்பா, நானும் வாரேன், போய்ப் போட்டுட்டு வந்துருவோம்" என்று கையைப் பிடித்திருந்தால் எழுந்து வந்திருப்பார். நான் சொன்னால் கேட்காதவர், நீ சொன்னால் கேட்பார். ஆனால் உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாயில்லை. உன்னைப் பொறுத்தவரை அது போட்டு முடிந்துவிட்ட ஊசி. இருந்த ஒரு வழியையும் நானே அடைத்து வைத்திருந்தேன்.

போன மார்கழியில் திங்கட்கிழமை அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. புதன்கிழமை காலையில் உதடு நீலம் பாரித்து, என்னைத் தன் அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆம்புலன்சில் ராஜபாளையம் கொண்டுபோனேன். மறுநாள் நீ வந்து சேர்ந்தாய். பெரிய டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார், இப்போது ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தாள். ஐ.சி.யூ. வாசலில் அவள் வெளியே வந்ததும் நீ போனை நீட்டினாய்.

"டாக்டர், இவருக்கு ஊசி போட்ருக்கு. ரெண்டும் போட்ருக்கு. பாருங்க, கார்டு. அப்புறம் எப்படி வந்துச்சு?"

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எங்கம்மா போட்டீங்க?"

"இங்கனதான். பழைய டாக்டர் இருக்கையில" என்றேன்.

அந்த நேரத்தில்கூட. அவர் உள்ளே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதுகூட. நீ பக்கத்தில் நின்றாய், உன் முன்னால் நான் பொய்க்காரியாக முடியாது என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "போட்டிருந்தாலும் சில பேருக்கு வரலாம். எல்லாக் கிருமிக்கும் அது காவல் இல்ல." அவள் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மை என் பொய்யோடு சேர்ந்து உன் மனதில் வேறு ஒன்றாகிவிட்டது. ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் வந்தவர்களிடமெல்லாம் நீ போனைக் காட்டிச் சொன்னாய், "எல்லாம் ஏமாத்து வேலை. ரெண்டு ஊசி போட்டும் என்ன புண்ணியம்?" நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் போகும்போது என் கையைப் பிடித்து, "நர்ஸம்மா வீட்டுலயே இப்படின்னா நாங்கள்லாம் எம்மாத்திரம்" என்றார்கள்.

அவர்களில் ஒருவர் நம் தெருத் தையல்கார அண்ணாச்சி. உன் பள்ளிக்கூடச் சட்டை முழுவதும் அவர் தைத்ததுதான். ஆஸ்துமாக்காரர், அறுபத்தேழு வயது. அவருக்கும் டாக்டர் அந்த ஊசியை எழுதிக் கொடுத்திருக்கிறார். உன் பேச்சைக் கேட்டபிறகு அவர் சீட்டைக் கிழித்துப் போட்டதாக அவர் வீட்டு மதினி என்னிடமே வந்து சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அவிய இஷ்டம்" என்றேன்.

சித்திரையில் அவருக்கு நிமோனியா வந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் இப்போது கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறார். தையல் மெஷினை மிதிக்க முடியவில்லை. மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கிறது. நான் அவரைப் பார்க்கப் போகாமலே நாளைக் கடத்தினேன். ராதிகாவிடம் நீ ஸ்பீக்கரில் பேசினாயே, அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். மூச்சு வாங்க வாங்கப் பேசினார். "வாங்க நர்ஸம்மா. பாத்தியளா? ரெண்டு ஊசி போட்டும் அண்ணன் போயிட்டாவ. நான் ஒண்ணுகூடப் போடல, பொழைச்சுக் கெடக்கேன். எல்லாம் விதிதான், ஊசியில என்ன இருக்கு?" செத்த நேரம் நின்று மூச்சு விட்டுவிட்டு மறுபடி சொன்னார், "நல்லவேள, நீங்க சொன்னிய, நான் தப்பிச்சேன்." நான் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது எனக்குத் தேவதானம் ஊரில் பார்த்த குழந்தை ஒன்று நினைவுக்கு வந்தது. நீ ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது எனக்கு அங்கேதான் வேலை. உன் அப்பா எல்லையில் இருந்தார். வயலில் வேலை செய்கிற ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உன் வயதுதான். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அழக்கூடத் தெம்பில்லை, முனகிக்கொண்டிருந்தது. பஸ்ஸை நிறுத்தி ஏறி, ராஜபாளையம் வரை அந்தக் குழந்தையை நான்தான் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். சேத்தூர் தாண்டும்போது முனகல் நின்றது. தாய்க்காரி, "தூங்கிட்டானா?" என்று கேட்டாள். நான் "ஆமா" என்றேன். யோசித்துப் பார்த்தால் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும். அப்போது நம்மிடம் அந்த ஊசி இல்லை. இருந்தும் போடாதவர்களைப் பார்த்தால் அந்தத் தாய் என்ன சொல்வாள்?

மறுநாளே பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். ராதிகாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், உனக்குக் கடிதம் எழுதப் போவதையும் சொன்னேன். அவள் குழந்தையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். அது எனக்கு உறைத்தது. பிறகு சொன்னாள், "அத்தை, அவர்ட்ட சொல்லாதீய. ஊசியப் போட்டுருவோம். போடலன்னே அவர் நெனச்சிட்டுப் போறாரு."

"இன்னொரு பொய்யா? வேண்டாம்ட்டி. ஒண்ணு சொன்னதுக்கே என்ன ஆச்சுன்னு பாத்தேல்ல."

"அப்ப எழுதுங்க. ஆனா நீங்க கூட்டிட்டுப் போனதா எழுதாதீய. நான்தான் தூக்கிட்டுப் போனேன்னு எழுதுங்க. நானும் அம்மாதான."

அதனால் அப்படியே எழுதுகிறேன். போன புதன்கிழமை, பத்து வார ஊசிக்குப் போனபோது, ராதிகா தன் மகளுக்கு நிமோனியா ஊசியும் போடச் சொன்னாள். நான் கூடப் போனேன், அவ்வளவுதான். அங்கிருந்த நர்ஸ் சின்னப் பெண். நான்கு வாரம் பிந்திவிட்டதே என்று ராதிகா பயந்தபோது அவள் தெளிவாகச் சொன்னாள்: "பிந்துனா ஒண்ணுமில்லக்கா. இன்னைக்குப் போடுறது முதல் ஊசி. இதுலருந்து எட்டு வாரம் விட்டு ரெண்டாவது. ஒன்பது மாசம் முடிஞ்சதும் மூணாவது. மூணும் போட்டாத்தான் கணக்கு." நான் இருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.

அன்றே அந்தப் பெண் டாக்டரையும் போய்ப் பார்த்தேன். அவளிடமும் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. அன்றே தெரிந்திருந்தாலும் அப்பாவுக்குக் கொடுத்த மருந்து மாறியிருக்காது என்றாள். "ஊசி போட்டிருந்தா பொழைச்சிருப்பாவளா?" என்று கேட்டேன். "அதை யாரும் சொல்ல முடியாதும்மா. பொழைக்கிற வாய்ப்பு கூடியிருக்கும்" என்றாள். இதில் எனக்கு ஆறுதல் எதுவும் இல்லை, உனக்கும் இருக்காது. பிறகு என் வயதைக் கேட்டாள். அறுபத்து மூன்று, சுகர் பத்து வருஷமாக என்றேன். அறுபத்தைந்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்று எனக்கு ஒன்று போட்டாள். அடுத்த வருஷம் இரண்டாவது வகை. அதை அறுபத்தைந்துக்கு முன்னால் போட்டுக்கொள்வதால், ஐந்து வருஷம் கழித்து அதே வகை இன்னொரு தடவை தேவைப்படும் என்றாள். ஒரே ஊசியோடு முடிகிற வகையும் இப்போது வந்திருக்கிறதாம்; யாருக்கு எது என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உன் அப்பாவை அனுப்பிவிட்டு நான் எனக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் கை வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன்.

மறுநாள் காலை அண்ணாச்சி வீட்டுக்குப் போய் அவரிடமும் சொன்னேன். மெஷின் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை, இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "ஏட்டி, அந்த டாக்டர்ட்ட என்னைக்கு வரணும்னு கேளு. இனிமே போட்டாலும் பிரயோசனம் உண்டான்னு கேளு" என்றார். பிரயோசனம் உண்டு, மறுபடி வரக்கூடியது என்று நான் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க போங்க நர்ஸம்மா" என்றார். "இனி வராதீய" என்று மதினி வாசல் வரை வந்து சொன்னாள். இப்போது அந்த வீட்டைத் தாண்டாமல் எனக்குக் கடைக்குப் போக வழியில்லை. தினமும் தாண்டுகிறேன்.

உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்து நாலு வயதில் ஆரோக்கியமாக இருக்கிறவனுக்கு இந்த ஊசி தேவையில்லை. ஆனால் நீ சிகரெட் பிடிக்கிறாய். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உன் துணியைத் துவைத்தவள் நான். உன் டாக்டரிடம் போய் அதை மறைக்காமல் சொல், உனக்கும் வேண்டுமா என்று கேள். உன் அப்பாவும் முப்பத்து நாலு வயதில் மலை ஏறிக்கொண்டுதான் இருந்தார்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுதவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் மன்னிக்க மாட்டேன். ஆனால் உன்மேல் எனக்கிருக்கும் வருத்தத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு நீ எங்களை வேலை வாங்கினாய். உத்தரவு போட்டாய், சரிபார்த்தாய், கட்டைவிரலைக் காட்டினாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், லீவு போட்டு வந்து அவரைக் கூட்டிப்போகவில்லை. பொய் சொன்னது நான். அந்தப் பொய் உனக்கும் வசதியாக இருந்தது.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் பிறந்ததும் நீ வந்து இருவரையும் பெங்களூருக்குக் கூட்டிப்போகிறாய். இரண்டாவது ஊசிக்கு உரிய எட்டு வாரம் அதற்கு அடுத்த வாரம் முடிகிறது. நான் அங்கே இருக்க மாட்டேன். நீ கூப்பிடவும் மாட்டாய். ராதிகாவை மட்டும் அனுப்பாதே, நீயும் போ. குழந்தையை மடியில் சாய்த்து, ஒரு கையால் முழங்காலுக்கு மேலே அசையாமல் பிடித்துக்கொள். போட்ட இடத்தைத் தேய்க்காதே. காய்ச்சல் வந்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், பயப்படாதே. ஊசி இறங்கும்போது குழந்தை ஊசியைப் பார்க்காது, பிடித்திருக்கிறவர் முகத்தைத்தான் பார்க்கும். ஆயிரம் குழந்தைகளிடம் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் என் நினைப்பு வந்தால் முகத்தைச் சுளிக்காதே. கோபமெல்லாம் என்மேல் இருக்கட்டும். அவளைப் பார்த்துச் சிரி.

அம்மா